மரத்தில் செய்த கால்கள்

என் மகளுக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவள் அம்மா செத்துப்போய்விட்டாள். "பொம்பள இல்லாத ஊட்ல புள்ளத்தாச்சிய எப்பிடிண்ணா உடறது?" என்று வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார் சம்பந்தியம்மா. ஒன்பதாம் மாதம் வந்து பார்த்துச் சொல்கிறாராம். எனக்கு ஆத்திரம் வந்தது. பெண்டாட்டியைப் படுக்கையில் வைத்து நான்தான் பார்த்தேன். ஒரு பிள்ளையைப் பார்க்க மாட்டேனா?

மறுநாளே வேப்பம் பலகை வாங்கி வந்தேன். படகு பழுதுபார்த்துப் பழகிய கை. வீடு ஒரே அறை, தனித்தனியாகச் சாமான் போட இடம் கிடையாது, எல்லாம் ஒன்றிலேயே அடங்க வேண்டும். நான்கு தூண் நிறுத்தி, தூளி கட்ட மேலே குறுக்குக் கட்டை போட்டேன். நடுவில் கிராதி வைத்த படுக்கை. அடியில் துணிக்கு இரண்டு டிராயர்.

எல்லாம் முடிந்த பிறகுதான் குளிப்பாட்டும் நினைப்பு வந்தது. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். எனக்கு முட்டி நீளாது. அதனால் இரண்டு கட்டைகளைக் கால்போல் உருட்டி இழைத்து, படுக்கைக்கு அடியிலிருந்து வெளியே இழுக்கிற மாதிரி பொருத்தினேன். அளவு யாரையும் கேட்கவில்லை. அது என் கைக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "இன்னா மச்சான், பாதி பொம்பளதான் செஞ்சிகீற. மீதி எப்போ?" வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

ஒன்பதாம் மாதம் மகளும் சம்பந்தியம்மாவும் அனுப்பம்பட்டிலிருந்து வந்தார்கள். அந்தம்மா டிராயரை இழுத்தார், கிராதியை ஆட்டினார், குறை எதுவும் கிடைக்கவில்லை. கட்டையைத் தடவினார். "சில்லுனு கீதேண்ணா. கால்னா சூடு இருக்கும், புள்ள பயப்படாது."

"வெந்நி ஊத்தி சூடு பண்ணுவேன்" என்றேன்.

மகள் குனிய முடியாமல் குனிந்து கட்டையைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா காலு இவ்ளோ தடி இல்ல நைனா."

"உனுக்கு இன்னாடி தெரியும்?" என்று கத்திவிட்டேன். அவள் நினைப்பில் இருப்பது நோயில் வற்றிப்போன கால். அவளைப் போட்டு எண்ணெய் தேய்த்த கால் வேறு. அது அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பக்கத்தில் நின்று வெந்நீர் மொண்டு கொடுத்தவன் நான்.

அவள் அழுதாள். சம்பந்தியம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "பிரசவம் எங்க ஊட்லயே ஆவட்டும்ணா. கொஞ்ச நாள் கழிச்சி நானே கூட்டியாறேன். இந்தச் சாமான வேணா வண்டில ஏத்தி அனுப்புங்க."

மகள் என்னைப் பார்க்காமலே, "அத்த சொல்றதுதான் சரி நைனா" என்றாள்.

"சாமான அனுப்ப மாட்டேன்" என்றேன்.

இப்போது பேத்தி பிறந்துவிட்டாள். குளிப்பாட்டுவதைப் போனில் காட்டுகிறார்கள். சம்பந்தியம்மாவின் கால்மேல் பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கிறது. அந்தம்மா நன்றாகத்தான் செய்கிறார். அதுதான் வயிறு எரிகிறது.

நேற்று மகள் கேட்டாள், "அந்தக் கட்டைய எளச்சி கொறச்சிட்டியா நைனா?"

"கொறைக்கல. வந்து புள்ளய மேல போட்டுப் பாரு, அப்பறம் சொல்லு."

சரி என்றாள். எப்போது என்று சொல்லவில்லை.