ஈரச் சேலை

அவிநாசி ரோடு சிக்னலில் புகை மூக்கில் ஏறுகிறது. எதிரே மின்பலகையோ 'காற்று நன்று' என்கிறது. எனக்கு நம்பிக்கையில்லை.

நான் பள்ளி சென்ற நாட்களில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ரோட்டோரத்து எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அதிகாரி காற்றை உறிஞ்சும் பெட்டியை வைத்தார்.

"ஏனுங்க, ரோட்டை அகலம் பண்ணவா அளக்கறீங்க?" என்றாள் அம்மா.

"இல்லீங்க, புகையில ஈயம் எவ்வளவுன்னு பாக்கறமுங்க."

"பொய்யி கண்ணு, அளந்தா ஊட்டை இடிச்சுப்போடுவாங்க" என்று என்னிடம் கிசுகிசுத்தவள், அவர் போனதும் பெட்டிமேல் ஈரச் சேலையைப் போர்த்தினாள்.

மறுநாள் அவர் வருவதற்குள் உருவிவிட்டாள். பெட்டியில் புகை படியவேண்டிய வடிதாள் வெள்ளையாகவே இருந்தது.

"உங்க பக்கம் காத்து சுத்தமுங்க" என்று அவர் பூரித்தார். கருத்த சேலையை அம்மா முதுகுக்குப் பின்னால் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல், பலகைக்குப் பின்னால் யார் வீட்டுச் சேலை தொங்குகிறதென்று தேடுகிறேன்.