தங்கச்சி என்று ஒரு பிரிவு இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு 'டேப் அக்கா' என்று பெயர். வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனியில் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது வேலை. காலையில் சொன்ன வாக்கியத்தைச் சாயங்காலமும் ஏற்ற இறக்கம் மாறாமல் சொல்வாள். எதிர்முனையில் ஆள் கத்தினாலும் சரி, கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பது அதே குரலில்தான் வரும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளுடைய பதிவுகளைத்தான் போட்டுக் காட்டுவார்கள்.

சேர்ந்த புதிதில் அவள் அப்படியில்லை. வாயைத் திறந்தால் எந்த ஊர்க்காரி என்று தெரிந்துவிடும். பாதிச் சொல்லை முழுங்கிவிட்டு வாக்கியத்தின் கடைசியை இழுப்பாள். அவள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். பயிற்சி கொடுத்த மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இது ஆபீஸ்மா, சந்தை இல்ல. இழுக்காதே."

'அட' கூடாது. 'ஐயோ' கூடாது. 'அது கெடக்குது விடுங்க' என்று தப்பித் தவறி வந்துவிட்டால் அன்றைக்கு மதிப்பெண் போச்சு. நாக்கைக் கடித்துக் கடித்தே பழகினாள். பழகியது அலுவலகத்தோடு நிற்கவில்லை. கடைக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது.

அவளுக்கென்று மிச்சமிருந்த நெருங்கிய சொந்தம் ஓர் அண்ணன். லாரி ஓட்டுகிறவன். சரக்கு ஏற்றக் காத்துக் கிடக்கும்போதெல்லாம் போன் போடுவான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அவள் 'எலி'தான்.

"சொல்லுங்க," என்பாள்.

"என்னடி சொல்லுங்க? நான் என்ன மெஷின் ரிப்பேருக்கா கூப்பிடுறேன்? எலி, ஒழுங்கா பேசுடி."

"பேசிட்டுதானே இருக்கேன்?"

"எங்க பேசுற? வாசிக்கிற."

அவள் சிரிப்பாள். அடுத்த தடவையும் 'சொல்லுங்க' என்றுதான் வரும்.

ஒரு நாள் டீ குடிக்கிற இடைவேளையில் அண்ணி கூப்பிட்டாள்.

"உங்கண்ணன் போயிட்டாருடி. நெஞ்சு வலிக்குதுன்னு வண்டிய ஓரமா நிறுத்தியிருக்காரு. அப்படியே ஸ்டியரிங் மேலயே சாஞ்சிட்டாராம்."

"தகவல் தெரிவித்தமைக்கு நன்றி," என்றாள் அவள். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி போனை வைத்துவிட்டாள். அவள் டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். சூப்பர்வைசரிடம் போய் விடுப்புச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே எதெதுவோ போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டில் சேதி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "கூடப் பொறந்தவன் செத்ததுக்கு நன்றி சொன்னாளாம்," என்று சித்தி யாரிடமோ சொன்னது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன மறுநாள், அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, வாயில அதுதான் வந்துச்சு. வேணும்னு சொல்லல."

அண்ணி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாருக்கும் நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். ஆளாளுக்கு அலறுனாங்க. அவங்கள நான் சமாதானப்படுத்த வேண்டியிருந்துச்சு, அழாதீங்க, தண்ணி குடிங்கன்னு. உன்கிட்டதான் அந்த வேலை இல்ல." ஒரு தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினாள். "கோவம் வந்துச்சுதான். இல்லன்னு சொல்லல. ஆனா போன வச்சிட்டு அப்புறந்தான் நான் அழுதேன்."

அவள் தட்டை வாங்கித் துடைத்தாள்.

"அவரு நம்பருக்கு இன்னும் யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள் அண்ணி. "எடுத்து எடுத்து என்னால சொல்ல முடியல. அத நிறுத்தச் சொல்லிடு. உன் ஆபீஸ் குரல்லயே பேசு, பரவால்ல."

அவள் போன் கம்பெனிக்குப் பேசினாள். எதிர்முனையில் ஒரு சின்னப் பெண். சேர்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு வாங்கினாள்.

"இறந்த வாடிக்கையாளருக்குத் தாங்கள் என்ன உறவுமுறை?"

"தங்கச்சி."

"சகோதரி என்று பதிவு செய்துகொள்கிறேன்."

"சகோதரி இல்லம்மா. தங்கச்சி."

"மன்னிக்கவும். தங்கச்சி என்று தனிப் பிரிவு இல்லை. சகோதரி மட்டும்தான் உள்ளது."

"அக்காவும் சகோதரிதான். நான் தங்கச்சி. தங்கச்சின்னு போடு."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது போனிலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இப்போது யாராவது வந்து நிற்பார்கள். மதிப்பெண் குறையும். அதெல்லாம் டேப் அக்காவுக்குத் தெரியாததா?

"சரிம்மா. சகோதரின்னே போட்டுக்கோ."

அன்று சாயங்காலமே அந்த எண் அடங்கிப்போனது. விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள். மறுபடியும் மெஷினுக்குள் தண்ணீர் நிற்கிறது, மூடி திறக்க மாட்டேன் என்கிறது. அவள் குரலில் ஒரு பிசிறும் இல்லை என்று சூப்பர்வைசர் பாராட்டினார். அழுகை இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி கூப்பிடுகிறாள்.

"என்னடி பண்ற?"

"துணி காயப் போட்டேன் அண்ணி."

"இங்கயும் வெயில்தான்."

அதற்கு மேல் பேச ஒன்றும் இருப்பதில்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் முதலில் வைப்பதில்லை.