அதிகாரி வருமுன் இறைத்த கிணறு

காலியான எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்த ஒரு காலைப் பொழுதில்தான் எனக்குச் சட்டம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது ஆறாம் வகுப்பு. அதற்கு முந்தின நிமிடம் வரை நான் கோழி டாக்டராவதாக இருந்தேன். எங்கள் நாமக்கல் பக்கத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது.

கிணறு காலியானதற்குக் காரணம் என் தாய்மாமா.

எங்கள் வெள்ளாமைக் காட்டுக்கு மேற்கே ஒரு சேகோ ஆலை இருந்தது. ஊரில் விளைகிற மரவள்ளிக் குச்சிக்கிழங்கெல்லாம் அங்கேதான் போகும். கிழங்கு மாவாகி, மாவு ஜவ்வரிசியாகி, லாரி ஏறிப் போய்விடும். கிழங்கு கழுவின தண்ணீர் மட்டும் எங்கும் போகாது. ஆலைக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்துவிடும். புளித்த மாவு நாற்றம். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதில் குளித்தால் தம்பிக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகும்.

அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ இருந்தார். அம்மா ஒற்றை ஆளாக மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தாள். ஊரில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவில்லை. ஆலை மூடினால் கிழங்கை யார் வாங்குவது என்பது அவர்கள் கேள்வி. "மூடச் சொல்லி எங்கீங்க சொன்னேன்? கழுவற தண்ணியச் சுத்தம் பண்ணி உடச் சொன்னேன்" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி வந்து பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் மனு அத்தோடு முடிந்தது. அப்புறம் கிணறும் போயிற்று, ஊரில் அம்மாவின் பேச்சும் போயிற்று.

தங்கச்சி வீட்டுக்கு ஆபீசர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மாமா மல்லசமுத்திரத்திலிருந்து விடியற்காலையிலேயே வண்டியில் வந்து இறங்கினார். விருந்தாளி வருகிறார் என்றால் வாசல் கூட்டி, மாட்டுக் கட்டுத்தறி கழுவி, ஊரே மெச்சும்படி வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். மாமா அதில் ஒரு படி மேல். ஜீப்புக்கு வழிகாட்ட அம்மா மெயின் ரோட்டுக்குப் போன நேரத்தில் அவர் கண் கிணற்றின் மேல் விழுந்தது. கோடைக் கிணறு, கொஞ்சம்தான் தண்ணீர். மோட்டாரைப் போட்டு அத்தனையையும் இறைத்துப் பள்ளத்தில் தள்ளினார். படிக்கட்டைத் தென்னை ஈர்க்குமாறால் தேய்த்துக்கூடக் கழுவினார்.

அம்மா அதிகாரியோடு வந்தாள். அதிகாரியும் ஒரு பெண்தான். கிணற்றடியில் மாமா முகம் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, தண்ணி எங்கெ?"

"நாத்தத்தையெல்லாம் எறச்சு உட்டுட்டேன் அம்மிணி. ஆபீசரம்மா வர்ற எடத்த அப்புடியா வெச்சிருப்பாங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அம்மா மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாமாவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து, "ஊத்து எந்தப் பக்கம்?" என்றார்.

நானும் அவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். வெறும் பாறை. கொஞ்ச நேரத்தில் கிழக்கே பாறை வெடித்த பொடவிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி கசிந்தது. மேற்கே, ஆலைப் பக்கத்துப் பொடவிலிருந்து பழுப்பாக, நுரை கட்டிக்கொண்டு இறங்கியது. நாற்றம் மேலே வரை வந்தது. கிணறு நிறைந்திருந்தால் இரண்டும் கலந்து ஒரே கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அம்மா எழுந்து வந்து பார்த்தாள். மாமா, "அதுக்குத்தானுங்க எறச்சேன்" என்றார். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் நேரே ஆலைக்கு நடந்தோம். ஆலை மேனேஜர், "ஏனுங்க மேடம், நம்ம தண்ணி ஒரு சொட்டு வெளிய போறதில்லீங்களே" என்றார்.

"அப்புடீங்களா? அப்ப எங்க கெணத்துல நொரைக்கறது சாமிக்குக் காச்சுன பாலுங்களா?" என்றார் மாமா.

குழியிலிருந்து அதிகாரி தண்ணீர் எடுத்தார். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜருக்கு முறையாக ஒரு நோட்டீஸைக் கொடுத்து, பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கண்முன்னாலேயே தண்ணீரை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரை வைத்து, அவரிடமும் கையெழுத்து வாங்கினார். வேண்டுமானால் இரண்டாவதை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்: "அந்த அம்மா அவிய கட்சிம்மா. அவியளுக்கு எதுக்கு மரியாதை?"

முடிவு எங்கள் பக்கம் வந்தது. சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை ஆலை ஓடக் கூடாது என்று உத்தரவு. கட்டினார்கள், மறுபடி ஓட்டினார்கள். எங்கள் கிழங்கு இன்றைக்கும் அங்கேதான் போகிறது. கிணறு தெளிய வருஷங்கள் பிடித்தன. அன்று கையெழுத்துப் போடாதவர்களெல்லாம் இன்று எந்தத் தண்ணீர்த் தகராறுக்கும் முதலில் எங்கள் அம்மாவைத்தான் தேடி வருகிறார்கள். எனக்கு அதில் இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

சேலத்தில் சட்டக் கல்லூரிக்கு வந்து, நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் மாதிரி எடுக்கும் விதியைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மேனேஜர் அருகில் நின்றதால்தான், அது தங்கள் குழித் தண்ணீரே இல்லை என்று அவர் பிற்பாடு சொல்ல முடியாமல் போனது. எதிராளிக்குக் காட்டிய அந்த மரியாதைதான் எங்கள் கிணற்றைக் காப்பாற்றியிருக்கிறது. கோபத்தில் கொதித்த அந்தச் சிறுமிக்கு அது புரிய வாய்ப்பில்லை.

இப்போது வாழப்பாடிப் பக்கம் ஓர் ஏரியில் ஒரு சாயப் பட்டறைக்காரர் கழிவு விடுகிறார். தோழிகள் மூன்று பேர் சேர்ந்து மனுவை எழுதி முடித்துவிட்டோம். திங்கட்கிழமை முதல் நகலைச் சாயப் பட்டறைக்காரர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். வாதாடட்டும், அதற்குத்தானே படிக்கிறேன்.