சோளக்காட்டில் விழுந்த ஆடு

ராசிபுரத்தில் தறிக்குப் பாவு ஓடும் வேலையிலிருந்து விரட்டப்பட்டு, நாமக்கல் ரோட்டில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். யுத்த காலம். கரியில் ஓடும் பஸ் ஒன்று என்மேல் புகையைக் கக்கிவிட்டுப் போனது. முந்தின நாள் காலையில் குடித்த கூழோடு சரி, பிறகு வெறும் தண்ணீர்தான்.

எதிரே ஒருவன் வந்தான். சட்டையில்லாத முதுகில் சாட்டைத் தடம், ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் எங்காவது வேலை கிடைக்குமா என்று கேட்டேன்.

"அந்தக் கெணத்து மேட்டு ஊட்டுக்குப் போ. இன்னைக்கு அங்க ஆளு வேணும்" என்று சொல்லிச் சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "என்ன ஆளு நீ?" என்றார். அந்த வீட்டுக்கு எந்தப் பதில் ஆகுமோ அதைச் சொன்னேன்.

"வெறகு பொள. கறியக் கழுவிக் குடு. முடிச்சா சோறு."

கறியைக் கழுவக் கழுவத் தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது. அறுத்த ஆட்டில் இவ்வளவு ரத்தம் தங்காது. வெளியே மழை பொய்த்து முழங்கால் உயரத்தில் வாடி நின்றது சோளம். வாடிய சோளம் விஷம்; அதில் வாய் வைத்த ஆடு நுரை தள்ளி விழுந்துவிடும்.

"ஆடு எப்பங்க அறுத்தது?"

"விடியாலதான் சாமி" என்றாள் வீட்டம்மாள், அடுப்பைப் பார்த்தபடி. பிறகு ஒரு கூடை உருளைக்கிழங்கை என் முன்னால் வைத்தாள். மகளுக்குப் பேச்சு முடிக்க மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்களாம். "சேலம் செவ்வாப்பேட்டையில வாங்குனது. தோலச் சீவறேன்னு பாதிக் கெழங்கச் சீவிப் போடாத."

வாய்க்காலோரத்துத் தண்டங்கீரையை ஆய்ந்து கொடுத்தேன். பூண்டு போட்டுக் கடைந்தாள். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்துக் குழம்பு கூட்டி, கறி பாதி வெந்ததும் கிழங்கைப் போட்டாள். அந்த வாசனையில் எனக்குத் தலை சுற்றியது.

வீட்டில் யாரும் வாய் வைக்குமுன் மாட்டுக் கொட்டகையில் எனக்கு இலை போட்டார்கள். நெல்லுச் சோறு. காட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு துண்டு போடு. நல்லாத் தின்னு சாமி" என்றார். அப்படி ஒரு உபசாரத்தை நான் எங்குமே கண்டதில்லை. மகள் எட்டிப் பார்த்து, "எனக்கும்மா?" என்றாள். தாய் அவள் கையில் ஓர் அடி வைத்தாள். "பொழுது சாயட்டும். இவனுக்கு என்ன ஆவுதுன்னு பாக்கலாம்."

உள்ளே போனவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, நம்ம ஆளுங்களுக்கே குடுத்துப் பாத்திருக்கலாமே?"

"அவனுக ஊரெல்லாம் சொல்லிப் போடுவானுக. இவன் வழியில போறவன். செத்தா யாரு கேக்கப் போறா?"

இலையில் கை நின்றது. பிறகு தின்றேன். கறி நன்றாக வெந்திருந்தது. கிழங்கு நாக்கில் கரைந்தது. இலையை வழித்து நக்கினேன்.

கொட்டகையிலேயே படுக்கச் சொன்னார். வந்து வந்து பார்த்தார்.

"வவுறு வலிக்குதா?"

"இல்லீங்க."

"கண்ணு இருட்டுதா?"

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டாத்தானுங்க சரியாத் தெரியும்."

"வாயப் பாரு, வாய!" என்று சிரித்தார். சோறு வரவில்லை.

பொழுது சாய, வண்டி மாட்டுச் சலங்கை கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இலை போடச் சொன்னார். "கறின்னா இதுதானுங்க கறி!" என்று சம்பந்தி வாய் நிறையப் புகழ்ந்தார். பேச்சு முடிந்தது. அவர்கள் போனதும் வீட்டார் மிச்சக் குழம்பை வழித்துத் தங்கள் தட்டுகளில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் காட்டுக்காரர் ஒரு கோலைக் கொண்டுவந்தார்.

"ஆட்டுக்காரன் நேத்து கண்ணசந்து ஒண்ணச் சோளத்துல உட்டுட்டான். சாட்டையில நாலு போட்டேன், ஓடிப்போயிட்டான். நீ மேய்க்கிறியா? சோறு மட்டுந்தான்."

"கறிச்சோறுங்களா?"

"ஆடு செத்தா."

கோலை வாங்கிக்கொண்டேன். பட்டியைத் திறந்ததும் ஆடுகள் எல்லாம் நேராகச் சோளத்தைப் பார்த்து ஓடின.