மனைவி அங்கே இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை. போன் அடித்தது. கனடாவிலிருந்து மனைவி.

"என்னங்க... நீங்க இங்கேருந்து போயி மூணு வருஷம் தாண்டிடுச்சா?"

"தாண்டி ரெண்டு மாசமாச்சு. அதுக்கென்ன இப்ப?"

அந்தப் பக்கம் அழுகை.

அவள் தன் குடியுரிமை விஷயமாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறாள். வீட்டுக்காரர் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். நான் அங்கே போய் இறங்கியே இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை. அதில் மூன்று வருடத்துக்கு மேல் இங்கே, பதுளைப் பக்கத்துத் தெமோதரையில். இன்றைக்கே போய் இறங்கினாலும் அந்த ஐந்தில் இரண்டு வருடம் தேறாது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். த்ரீவீல் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் பாரிசவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவன்தான் நான். திரும்பவில்லை. எப்படித் திரும்புவது? சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்ட வேண்டிய ஆளை விட்டுவிட்டா?

படித்தவன், பத்தி எழுதுகிறவன், இதை விசாரிக்காமலா இருந்தாய் என்று கேட்பீர்கள். விசாரிக்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்!

நானும் மனைவியும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அங்கே ஒரே சட்டம்தான். குடும்பத்தில் ஒரு ஆள் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், இருந்தால் குடியிருக்கும் காம்பரா பறிபோகாது. என் அப்பா வருடக்கணக்கில் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். அம்மா கொழுந்து எடுத்தார். காம்பரா எங்களிடமே இருந்தது. பக்கத்துக் காம்பராவில் புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் வேலையை விட்டுப் போனார்கள். பூட்டை உடைத்து வேறு குடும்பத்தைக் குடியேற்றிவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தது அது.

அதே புத்தியில் கனடாவையும் ஒரு பெரிய தோட்டமாகவே நினைத்துவிட்டேன். மனைவி அங்கே வேலைக்குப் போகிறாள், வாடகை கொடுக்கிறாள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறதே, பிறகென்ன? அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஒரே லயத்துப் புத்தி, இரண்டு தலையில்.

அந்த நாட்டுக்குக் குடும்பம் தெரியாது. ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. என் நாட்களை அவள் எனக்காக வாழ முடியாது.

"மூணு வருஷம் முடியறதுக்கு முந்தி வந்திருந்தாலே தப்பிச்சிருக்கலாமாமேங்க..." என்றாள் அழுகைக்கு நடுவில்.

"இப்ப சொல்லி என்னடி பண்றது!" என்று கத்தினேன். யார் மேல் கோபம்? சட்டத்தின் மேலா, அவள் மேலா, நோய் மேலா? மூன்றின் மேலும்தான். அதிகம் என் மேல்.

என் வதிவிட அட்டை இன்னும் காலாவதியாகவில்லை. அதைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். அங்கே இறங்கியதும் ஒரு ஒபிசர் கேட்பார், எங்கே இருந்தாய் இவ்வளவு நாள் என்று. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நீட்ட வேண்டும். மனம் இரங்கினால் விடுவார். இரங்காவிட்டால் உரிமையைப் பறிக்க எழுதிவிடுவார். அப்பீல் இருக்கிறதாம். இருக்கட்டும். நம் தோட்டத்துச் சனத்தை இந்த நாட்டிலேயே ஒரு சட்டம் போட்டு நாடற்றவர்கள் ஆக்கினார்களே... அந்த வம்சத்தில் வந்தவனுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதம் புரட்டுகிறவனைக் கண்டால் பயம் வராதா? ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதுளை டவுனில் டிக்கட் போடப் போனேன். டிக்கட் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, பழக்கமானவர். வாயும் கொஞ்சம் நீளம்.

"வாங்க கனடாக்காரரே! ஒன்வேயா, ரிட்டனா?"

"தெரியல நானா."

"தெரியாம எப்பிடி டிக்கட் போட ஏலும்?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டினார்.

"ஒன்வே போடுறேன் தம்பி. திருப்பி அனுப்பினா அவனுகளே டிக்கட் போடுவானுகள்."

ஆறுதல் சொல்கிறாராம்!

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சின்னம்மா மகள் சாந்தி வந்து பார்த்துக்கொள்வாள், ஆனால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், எத்தனை நாள் தாங்குவாள் என்று தெரியாது என்றும் சொன்னேன். அண்ணனுக்குப் பேச்சு இழுக்கும். ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"போடா. புள்ள மொகத்தப் பாரு."

"உள்ள விடாட்டி?"

வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார்.

"விடாட்டி நேரா இங்க வா. கஞ்சி காச்சணும்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பாரிசவாதம் இன்னொரு தடவை வந்தால் அண்ணன் தாங்கமாட்டார் என்றார். என்னை உள்ளே விட்டுவிட்டால் இரண்டு வருடம் அங்கிருந்து அசையக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இங்கே என்ன நடந்தாலும்.

வருகிற வெள்ளிக்கிழமை விமானம். அந்த ஒபிசர் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.