புதன் சூரியனைக் கடந்த காலை

தொலைதூர நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் பற்றி இப்போதெல்லாம் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறார்கள். ஏற்கெனவே கண்டுபிடித்த கிரகங்களில் எவை நம் பார்வைக்கு நேராகத் தம் நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோகும், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்களாம். பாதை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கிரகம் விலகிப் போய்விடும். பெரும்பாலானவை அப்படித்தான் போகின்றன. கணக்குத் தப்பினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார்கள். அந்த வகைக் கணக்கு ஒன்றை நானும் ஒருமுறை போட்டேன். அது தப்பவில்லை.

மலாயாவுக்கு விடுதலை கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் நில அளவை அலுவலகத்தில் வேலை. நாள் முழுவதும் எண்களோடு மாரடிப்பேன். அங்கே கிடந்த வானியல் அட்டவணையைப் புரட்டியபோது, மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை புதன் கிரகம் சூரியனின் முகத்தைக் கடக்கப் போகிறது என்று தெரிந்தது. நம் ஊரில் அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழரை மணிவாக்கில் தொடக்கம், பத்து மணிக்கு முடிவு.

அலுவலகத்தில் சொன்னபோது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளியைப் பார்க்க அரைநாள் லீவா என்று சிரித்தார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். நான் சொன்னதை யாராவது பெரிதாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த வயதில் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கோபத்தோடுதான் காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நான், அம்மா, எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி. எங்களுக்கு அதுதான் முதல் பிள்ளை. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா கிரகணமா, தம்பி?"

இல்லை என்று எனக்குத் தெரியும். வெயில் துளிகூடக் குறையாது. ஆனால் அன்று முழுவதும் யாரும் என்னிடம் இவ்வளவு பயபக்தியோடு எதையும் கேட்கவில்லை.

"ஒரு மாதிரி கிரகணந்தாம்மா. ஏழரைலருந்து பத்து வரைக்கும்," என்றேன்.

கிரகணம் என்றால் எங்கள் வீட்டில் கர்ப்பிணியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சூரியனின் பார்வை அவள் மேல் படக் கூடாது. அவள் சாப்பிடக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது. முடிந்து தலை முழுகிய பிறகுதான் வாசலைத் தாண்டலாம். அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கே அம்மா அவளை உள்ளே விட்டு, ஜன்னலையும் அடைத்தார். நான் தடுக்கவில்லை. என் கணக்குக்கு ஒரு வீடே அடங்கி நடப்பதைப் பார்க்க, உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது.

தெங்கேராவில் பழைய சாமான் கடை வைத்திருந்த நண்பரிடம் கப்பல் தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். அதை முற்றத்தில் கட்டி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழ வைத்தேன். ஏழரை தாண்டியதும் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நுழைந்தது. கடுகைவிடச் சிறியது. அட்டையை அசைத்துப் பார்த்தேன். தூசி இல்லை, புதன்தான்.

ஒன்பது மணி இருக்கும். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"என்னங்க, இடுப்பு ரொம்ப வலிக்குது. தண்ணி போகுதுங்க."

அம்மா வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். "பத்து வரைக்கும்னு நீதானே சொன்ன. இப்ப எப்படி வெளிய கொண்டு போறது?"

ஒரு வார்த்தை போதும். இது கிரகணம் இல்லை, நான்தான் கதை அளந்துவிட்டேன் என்றால் அம்மாவே கதவைத் திறந்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு புள்ளி பாதி தூரத்துக்கு மேல் கடந்துவிட்டிருந்தது. நான் சொன்ன நிமிஷத்துக்கு அது வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்க," என்று குரல் கொடுத்தேன்.

அது வெளியேறியது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதவைத் திறந்தபோது பாய் முழுவதும் ரத்தம். பக்கத்து வீட்டுச் சீனரின் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. அழவே இல்லை. முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று தாதி மெதுவாகச் சொன்னார். துணியில் சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டேன். எடையே இல்லை.

ஆகஸ்டில் ஊரே தெருவில் திரண்டு விடுதலையைக் கொண்டாடியது. நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தோம். கிரகம் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்ததில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

பல வருஷங்கள் கழித்து அம்மா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய சாயங்காலம், என் மனைவி பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அத்தை இருந்தவரைக்கும் சொல்லப் பயமா இருந்துச்சு. அன்னிக்கு நான் ஜன்னலை லேசாத் திறந்துட்டேன். நீங்க அட்டைய வச்சுக்கிட்டு நின்னத பாக்கணும்போல இருந்துச்சு. வெயில் வயித்துல பட்டுச்சு. பிள்ளை போனது என்னாலதாங்க."

அப்போதுதான் சொன்னேன். அது கிரகணமே இல்லை, ஜன்னலைத் திறந்ததால் ஒன்றும் ஆகவில்லை, கதவைச் சாத்தியதுதான் தப்பு, எல்லாம் எனக்கு அன்றே தெரியும் என்று.

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"அன்னிக்குச் சொல்லல, சரி," என்றாள். "மறுநாளாவது சொல்லியிருக்கலாமே."