தங்கச்சி கிடந்த மேடு

இங்கே, பலேர்மோவின் பல்லரோச் சந்தையில் இன்று மண் ஒட்டிய பீட்ரூட் மணந்ததும், பிள்ளைகளே, நான் சிறுவயதில் அகதியாக இருந்த ஜெர்மன் ஊர் மூக்கில் ஏறிவிட்டது. மலையே இல்லாத தட்டை நிலம், அடிவானம்வரை சீனிக்காகப் பயிரிட்ட பீட்ரூட் வயல்கள், ஈரமண்ணை வீதியெல்லாம் சிந்திப்போகும் டிராக்டர்கள், சின்ன மேட்டில் அந்த ஊர் விவசாயிகள் ஒருகாலத்தில் தாங்களே கட்டிய செங்கல் தேவாலயம், அதன் மதிலோரம், பிறந்து ஒரு கிழமைக்குள்ளேயே இறந்துபோன என் தங்கச்சியின் கல்லறை. அங்கே கல்லறை நிலம் சில வருடத் தவணைக்குத்தான்; தவணை முடியும்போதெல்லாம் கேட்டுப் புதுப்பிக்க வேண்டுமாம். எங்கள் சொந்த ஊரான மன்னாரில் புதைத்த மண் என்றைக்கும் நமது. அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து உங்கள் அப்பப்பா, என் அப்பா, கேட்கவேயில்லை. நாங்கள் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த பிறகு நிலக்கரிக்காக அந்த ஊரையே தோண்டினார்கள். புதுப்பித்த கல்லறைகளை மட்டும் வேறிடம் மாற்றினார்கள்.

நவம்பர் வந்தால் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவார்கள் என்பது இந்த நகரத்து நம்பிக்கை. சந்தையிலேயே சின்னவள் கேட்டாள்:

"அப்பா, எல்லாற்றை செத்த ஆக்களும் சாமான் கொண்டு வருகினம். எங்கட மாமி, உங்கட தங்கச்சி, மட்டும் ஏன் வாறேல்லை? கஞ்சப்பிசினாறியோ?"

"சீ, இல்லையம்மா."

"அப்ப அவ எங்கை இருக்கிறா?"

நிலக்கரிக்குக் குழி தோண்டியபோது, அவள் கிடந்த அந்த மேட்டு மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.